மகனுக்குப் பெருமூளை வாதம் என்று சொல்லிவிட்டார்கள், எங்கே தொடங்குவது? (மட்டக்களப்பு, படுவான்கரை)

மண்டூர் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒரு மகன், வருகிற ஆவணிக்கு மூன்று வயது. எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன், பிறந்தவுடன் அழவில்லை, பல நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் தந்தார்கள். ஒரு வயதாகியும் தலை நிற்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளை மெதுவாகத்தான் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பிக்கொண்டு இருந்துவிட்டேன். போன மாதம் கிளினிக்கில் டொக்டர் பெருமூளை வாதம் என்றார். பிசியோவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். வெளியே பிள்ளைகளோடு அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், எனக்கு வாய் வரவில்லை, ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

இப்போது ராத்திரியில் கேள்வி கேள்வியாக வருகிறது. இவன் நடப்பானா, பள்ளிக்கூடம் போவானா, அரசாங்கம் ஏதும் தருமா, யாரைப் போய்ப் பார்ப்பது. வீட்டுக்காரர் மேசன் வேலை, ஒரு நாள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய சம்பளம் இல்லை. குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி இறங்கி பஸ் பிடித்து மட்டக்களப்புக்குப் போய் வர முழு நாளும் போய்விடும். மாமி, நான் வயிற்றுப் பிள்ளையோடு செத்த வீட்டுக்குப் போனதால்தான் இப்படி என்கிறா. இதே பாதையில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவிச்சி:

மகள், முதலில் அந்த செத்த வீட்டுக் கதையை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்தில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தவள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு பிறப்புக்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த பிறகோ ஒரு பாதிப்பு வந்தால், கை கால் அசைவைப் பாதிக்கிற இந்தப் பெருமூளை வாதம் வரும். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் கூட. நீங்கள் போன இடமோ பார்த்த முகமோ காரணம் இல்லை. உங்கள் மாமிக்கும் இதை ஆள் வைத்துச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதி மருத்துவிச்சி மிஸ்ஸைக் கூப்பிட்டு வீட்டில் வைத்தே சொல்லச் சொல்லுங்கள், வெள்ளைச் சாரி சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் பெருகிக்கொண்டு போவதில்லை. ஆனால் கை கால் தசை இறுகுவது பிள்ளை வளர வளரக் கூடும், மூட்டு மடங்கியபடியே நின்றுவிடும். பிசியோ என்பது அதைத் தடுக்கத்தான். ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு தரம் செய்தால் காணாது. அவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகி, வீட்டில் குளிப்பாட்டும்போதும் உடுப்புப் போடும்போதும் நீங்கள் செய்வதுதான் பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு கையில் இருக்கிறதுதானே? அதைத் தொலைக்காதீர்கள். எந்த மாதத்தில் தலை நின்றது, எப்போது சிரித்தது, நிறை எவ்வளவு என்று அதில் உள்ளதுதான் இனி எந்த டொக்டரும் முதலில் கேட்பது.

பாண்டிருப்பு அப்பா:

தங்கச்சி, என் மகளுக்கும் இதேதான். அவளுக்கு இப்போது பதினொரு வயது. நாங்கள் முதல் நாலு வருடம் அலைந்த அலைச்சலை நீங்கள் அலையக் கூடாது என்றுதான் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நாளைக்கே ஒரு பைல் வாங்குங்கள். கொப்பிக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் உறைகள் உள்ள பைல், அதுதான் நல்லது, காகிதத்தைத் துளை போட்டால் இரண்டு வருடத்தில் கிழிந்துவிடும். முதல் உறையில் ஒரே ஒரு தாள்: பெயர், பிறந்த திகதி, பிறந்த நிறை, நோயின் பெயர், குடிக்கும் மருந்து எத்தனை மில்லி எத்தனை தரம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. அடுத்தடுத்த உறைகளில் டயக்னோசிஸ் கார்டுகள், ஸ்கேன் றிப்போட், பிசியோ எழுதித் தந்தவை. கிளினிக்கில் டொக்டர்மார் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு முறையும் கதையை முதலில் இருந்து சொல்ல எனக்கு வராது, மனைவிக்கு அழுகை வந்துவிடும், ஆகவே பைலை நீட்டிவிடுவோம். என் மனைவி அதன் கடைசிப் பக்கத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை முதல் நாளே எழுதிவைப்பா. மூன்று கேள்விக்கு மேல் எழுத மாட்டா. டொக்டர் எழும்ப முன் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிடுவா. நீங்கள் வாய் வராமல் வந்ததாக எழுதியதை வாசித்தபோது எனக்கு அதுதான் நினைவு வந்தது.

எந்த அறையில் இருந்து வெளியே வந்தாலும், "அடுத்து நான் யாரிடம் போக வேண்டும், அதற்குத் துண்டு வேணுமா" என்று கேட்காமல் வராதீர்கள். பிசியோவுக்குத் துண்டு தந்தவர்கள் பேச்சுச் சிகிச்சைக்கும் தருவார்கள், ஆனால் கேட்டால்தான் நினைவு வரும். இவன் பேசவே தொடங்கவில்லையே, பேச்சுச் சிகிச்சை எதற்கு என்று நினைக்காதீர்கள். விழுங்கப் பழக்குவதும் அவர்கள்தான். மகளைப் படுத்தபடி மடியில் வைத்து தலையைப் பின்னால் சரித்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம், புரைக்கேறாத நாள் இல்லை, அடிக்கடி நெஞ்சுச் சளி, அடிக்கடி வாட்டு. பேச்சுச் சிகிச்சை செய்கிற அந்தப் பிள்ளை, அவவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, மகளை நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கொஞ்சம் கீழே கொண்டுவந்து, தட்டையான சின்னக் கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து மெல்ல அழுத்தி, உதடு மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தா. ஒரு வாய் சோறு இறங்க ஒரு நிமிடம் போனது. புரைக்கேறவில்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டா.

காசு விஷயம். உங்கள் பிரதேச செயலகம் வெல்லாவெளிதானே, அங்கே சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். விதானையாரிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) பதிவைச் சொல்லிவிட்டு நேரே அவரிடம் போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு இருக்கிறது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயை 10,000 ரூபாய் ஆக்கினார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள், விண்ணப்பித்த மாதமே வந்துவிடாது. ஆனால் பெயரைப் பதிந்து வைப்பது முக்கியம், ஏனென்றால் சக்கர நாற்காலி, மலசலகூடம் திருத்த உதவி என்று எது வந்தாலும் அந்தப் பட்டியலில் இருந்துதான் கூப்பிடுவார்கள்.

சக்கர நாற்காலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகளுக்கு நாலு வயதில் ஒரு நிறுவனம் மேடை போட்டு, மாலை போட்டு, பெரியவர்கள் இருக்கும் நாற்காலி ஒன்று தந்தது. நாங்களும் கும்பிட்டு வாங்கினோம். அதில் அவள் ஒரு பக்கம் சரிந்து சரிந்து இருந்தே முதுகு வளைந்துவிட்டது. பிள்ளையின் அளவுக்கு இல்லாத நாற்காலியை யார் தந்தாலும் வாங்காதீர்கள், பிசியோவிடம் காட்டிக் கேட்ட பிறகு வாங்குங்கள். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஊர்க்குருவி:

நான் கேள்விப்பட்டது, ஒருவர் வீட்டுக்கே வந்து எண்ணெய் போட்டு உருவி மூன்று மாதத்தில் நடக்கவைப்பாராம். ஒன்றரை லட்சம் கேட்கிறாராம். எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளைக்கு நல்லம் என்றார்கள். நம்பர் வேணுமென்றால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நேரே கொழும்புக்குக் கொண்டு போங்கள், இங்கே என்ன இருக்கிறது.

பாண்டிருப்பு அப்பா:

தம்பி, நல்ல மனதோடு எழுதுகிறீர்கள், கோபம் இல்லை. ஆனால் இந்த நம்பரை இங்கே போடாதீர்கள். மூன்று மாதத்தில் நடக்கவைப்பேன் என்று யார் சொன்னாலும் அது பொய். நான் மனைவியின் காப்பை அடகு வைத்து ஏமாந்தவன். இறுகிய காலைப் பலமாக இழுத்தால் எலும்பு முறியும் ஆபத்தும் உண்டு. சூடு காட்டுவது, மெதுவாக எண்ணெய் தடவுவது பிள்ளைக்கு இதமாகத்தான் இருக்கும், அதை அம்மாவே செய்யலாம். நேர்த்தி வைப்பதென்றாலும் வையுங்கள், நாங்களும் மாமாங்கக் கோயிலுக்கு வைத்தோம். வலிப்பு மருந்தை மட்டும் யார் சொல்லியும் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது பெரிய வலிப்பில் கொண்டுபோய் விடும்.

கொழும்பு தேவைப்படும் நேரமும் வரும். சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு இங்குள்ள டொக்டர் கடிதம் தந்து அனுப்பினால் போய் வாருங்கள், இரவு ரயிலில் போனால் விடிய அங்கே நிற்கலாம். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயதி நிலையமும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான். ஆனால் வாராவாரம் செய்ய வேண்டிய பயிற்சிக்கு கொழும்பு சரிவராது. அங்கே சிங்களத்தில் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றிருக்கிறேன். தமிழில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள், இல்லாவிட்டால் பயிற்சி செய்யும்போது போனில் வீடியோ எடுக்கலாமா என்று கேளுங்கள்.

நிந்தவூர் உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும், தங்கச்சிக்கு அல்லாஹ் லேசாக்கட்டும். எனது மகளுக்கு வேறு நோய், முதலாம் வகை நீரிழிவு, ஏழு வயதில் வந்தது. ஆனாலும் அலைச்சல் ஒன்றுதானே, அதனால் எழுதுகிறேன்.

இன்சுலின் கிளினிக்கில் இலவசமாகத் தருகிறார்கள், சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்தான் பெரும்பாலும் நாங்களே வாங்குவது, மாதச் செலவில் அதுதான் பெரிசு. பிரிட்ஜ் இல்லாத காலத்தில் சின்ன மண்பானையை பெரிய மண்பானைக்குள் வைத்து, நடுவில் மணல் போட்டு தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்போம், இன்சுலின் போத்தலை பொலித்தீனில் சுற்றி உள்பானையில் வைப்போம். பங்குனி சித்திரை வெயிலிலும் தொட்டால் குளிரும். பிரிட்ஜ் இருந்தாலும் ஐஸ் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கட கிளினிக்கில் நோய் ஒன்றான பிள்ளைகளின் உம்மாமார் ஆறு பேர் வெளி வாங்கில் இருந்து கதைத்துக் கதைத்து ஒரு வாட்ஸப் குழு வைத்துக்கொண்டோம். காரைதீவுத் தமிழ்ப் பிள்ளையின் அம்மா ஒருவரும் அதில். ராத்திரி இரண்டு மணிக்கு மகளுக்கு சீனி இறங்கி வேர்த்து நடுங்கியபோது முதலில் குரல் போட்டது அவவுக்குத்தான். சீனித் தண்ணி கொடு, பதினைந்து நிமிடம் பார், திரும்பவும் குத்திப் பார் என்று கூடவே இருந்தா. டொக்டர் ஏற்கெனவே சொன்னதுதான், ஆனால் அந்த நேரத்தில் தலைக்குள் ஒன்றும் நிற்காது. ஆகவே தங்கச்சி, அடுத்த கிளினிக்கில் பக்கத்தில் இருக்கும் தாயிடம் நம்பர் வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள்.

வாவிக்கரை:

இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் யாரும் இதை வாசித்தால்: ஜனாதிபதி நிதியத்தில் சத்திரசிகிச்சைக்கு உதவி கேட்க முன்னர் கொழும்புக்கு ஓட வேண்டும். 2025 தொடக்கம் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். காசு கட்டிச் செய்யும் சத்திரசிகிச்சை என்றால் செய்வதற்கு முன்னரே போய்க் கேளுங்கள்.

செங்கலடி ரீச்சர்:

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அம்மா. நான் ஒரு சாதாரண பாடசாலையில் உள்ள விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன். மகனுக்கு மூன்று வயதுதான், ஆனால் இப்போதே தெரிந்து வைத்திருங்கள். உங்களுக்கு பட்டிருப்பு வலயம், வலயக் கல்வி அலுவலகம் களுவாஞ்சிகுடியில். அங்கே விசேட கல்விக்கு ஆசிரிய ஆலோசகர் இருப்பார். எந்தப் பாடசாலையில் அலகு இருக்கிறது, எங்கே படி ஏறாமல் வகுப்புக்குள் போகலாம் என்று அவரிடம் கேளுங்கள்.

"இந்தப் பிள்ளையை எங்களால் எடுக்க ஏலாது" என்று வாயால் சொல்லி அனுப்பிய பாடசாலைகள் உண்டு, என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, இயலாமையைக் காரணம் காட்டி கல்வி நிறுவனத்தில் சேர்க்காமல் விடக் கூடாது என்று அதில் உண்டு. ஐந்து வயதில் இருந்து பதினாறு வரை கட்டாயக் கல்வி. மறுத்தால், மறுப்பை எழுத்தில் தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டதும் பாதிப் பேர் இன்னொரு தரம் யோசிப்பார்கள். எழுதியே தந்துவிட்டால் அந்தக் கடிதத்தோடு வலயத்துக்குப் போங்கள், அதற்கு மேலும் போக வேண்டுமென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறது.

பிள்ளைக்குக் கை கால் இறுக்கம் இருக்கிறது என்பதற்காக மூளை விளங்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளை, வாய் பேசாது, கழுத்தும் சரியாக நிற்காது. படம் ஒட்டிய அட்டையைக் காட்டினால் கண்ணால் சரியானதைப் பார்க்கும். ஒரு நாள் நான் பிழையான அட்டையை எடுத்து வைத்தபோது அது சத்தம் போட்டுச் சிரித்தது. எழுதக் கை வராத பிள்ளைக்கு அரச பரீட்சையில் எழுதுவதற்கு ஆளும் கூடுதல் நேரமும் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஓசானம், மென்கபெப் மாதிரியான நிலையங்களும் மட்டக்களப்பில் இப்படியான பிள்ளைகளோடு வேலை செய்கின்றன, ஒரு நாள் போய்ப் பாருங்கள். பார்த்தால் உங்களுக்கே ஒரு தைரியம் வரும்.

மண்டூர் அம்மா:

நீங்கள் எழுதியதை எல்லாம் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நாளைக்கு வெல்லாவெளிக்குப் போகிறோம், இரண்டு பேருமாக.

ஒரு சந்தேகம். போன கிழமை மகன் இரண்டு தரம் கண்ணை மேலே செருகி கையை உதறினான், கொஞ்ச நேரம்தான். பக்கத்து வீட்டு ஆச்சி கையில் சாவியை வைத்தா. அது வலிப்பா?

ஓய்வுபெற்ற மருத்துவிச்சி:

வலிப்பாக இருக்கலாம் மகள், கிளினிக் திகதி வரும்வரை பார்த்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே கொண்டு போய்க் காட்டுங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் வரும், அதற்கு மருந்து இருக்கிறது. திரும்ப வந்தால் சரித்து ஒரு பக்கமாகப் படுக்கவையுங்கள், வாய்க்குள் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்காதீர்கள், கை காலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். சாவியால் ஒரு பிரயோசனமும் இல்லை, அந்த நேரத்தில் மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது ஒன்று முடிந்து நினைவு திரும்ப முன் இன்னொன்று வந்தால், 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விளங்கப்படுத்துவதை விட டொக்டருக்கு அந்த வீடியோ உதவும்.

மண்டூர் அம்மா (நாலு மாதம் கழித்து):

எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள். அது வலிப்புத்தான். வீடியோவைப் பார்த்ததும் டொக்டர் மருந்து தொடங்கினார், இப்போது ஐந்து கிழமையாக ஒன்றும் வரவில்லை.

கொடுப்பனவுக்குப் பதிந்தாயிற்று, இன்னும் வரவில்லை, இரண்டு தரம் போய்க் கேட்டோம். மூன்றாம் தரமும் போவோம். அந்த உத்தியோகத்தர் நல்ல மாதிரி, எழும்பி வந்து மகனைத் தூக்கினா.

நாற்காலி செய்துவிட்டோம் பாண்டிருப்பு அண்ணன். நீங்கள் சொன்னபடி பிசியோவிடம் கேட்டேன், அவர் மகனை மேசையில் இருத்தி அளந்து ஒரு துண்டில் படம் கீறித் தந்தார். முழங்கால் நேராக மடிய வேண்டும், பாதம் இரண்டும் பலகையில் பட வேண்டும், கால்கள் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகாமல் நடுவில் ஒரு சின்னக் கட்டை. வீட்டுக்காரர் பழைய மேசைப் பலகையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தார். மெத்தைத் துண்டை நான் தைத்தேன், பட்டிக்கு அண்ணன் மகளின் பழைய புத்தகப் பையின் வாரை வெட்டி எடுத்தோம். அதில் இருந்துதான் இப்போது சாப்பாடு. தட்டையான கரண்டி, நாடி கீழே, உதடு மூடும் வரைக்கும் பொறுத்திருப்பது. மாமி பார்த்துக்கொண்டே இருந்தா, இப்போது பகல் சாப்பாடு அவதான் கொடுக்கிறா. செத்த வீட்டுக் கதையை விட்டுவிட்டா என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் முன்னால் சொல்வதில்லை.

நடப்பானா என்று கேட்டேன் டொக்டரிடம், மூன்று கேள்வியில் அதுதான் முதலாவது. இப்போது சொல்ல முடியாது என்றார். அன்று முழுக்க அழுதேன். பிறகு சரி.

வாகரை அண்ணன்:

நல்ல செய்தி தங்கச்சி. ஐப்பசி பிறந்துவிட்டது, படுவான்கரையில் கார்த்திகை மார்கழியில் வெள்ளம் வந்தால் பாதையும் நிற்கும், வீதியும் முறியும். எங்கள் மகனுக்கு ஒரு வெள்ளத்தில் எட்டு நாள் வலிப்பு மருந்து இல்லாமல் போய், ஒன்பதாம் நாள் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். மழைக்கு முன் கடைசிக் கிளினிக்கில் இரண்டு மாத மருந்து கேளுங்கள், வீட்டு நிலைமையைச் சொன்னால் தருவார்கள். விதானையாரிடமும் மிஸ்ஸிடமும் நடக்க முடியாத பிள்ளை இருக்கிற வீடு என்று இப்போதே எழுதிக் கொடுங்கள், வள்ளம் வரும்போது உங்கள் வீட்டுக்கு முதலில் வரட்டும். பாடசாலை மண்டபத்தில் தங்க வேண்டி வந்தால் அந்த நாற்காலியையும் கொண்டு போங்கள், பாயில் படுக்கவைத்துச் சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

மண்டூர் அம்மா:

இதை நான் யோசிக்கவே இல்லை அண்ணன். செவ்வாய்க்கிழமை கிளினிக், மூன்று கேள்வியில் முதலாவதாக இரண்டு மாத மருந்தை எழுதிவிட்டேன். விதானையாருக்குக் கடிதம் அவர் எழுதுகிறார். பைலை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு வளையில் தொங்கவிட்டாயிற்று. நாற்காலியைத் தூக்க வசதியாகப் பின்னால் ஒரு கைபிடி அடிக்கச் சொல்லியிருக்கிறேன், வருகிற ஞாயிறு அந்த வேலை.